நான்காவது பக்கம்

கடலுக்குள் நீண்டிருந்த ஒரு மேட்டில் வடிவாம்பாள் என்ற துறவி இருந்தார். அவருக்கு ஒரே சீடர், தில்லைநாயகம். குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். நிலம் அளக்கும் வேலையையும் வீட்டையும் விட்டு வந்தவர்.

மேட்டின் மூன்று பக்கமும் கடல். நான்காவது பக்கத்தில் இருபது முழ அகலமுள்ள மணல், அந்த மேட்டை ஊரோடு சேர்த்திருந்தது.

அதன் வழியாகத்தான் மகன் மாசிலாமணி வந்தான்.

"அம்மாவுக்கு முடியலப்பா. கட்டிலை வாசலைப் பாத்துத் திருப்பிப் போடச் சொல்றா. ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போங்க."

"நாளைக்குப் பாக்கலாம்."

"போன தடவையும் நாளைக்குன்னுதான் சொன்னீங்க."

அவன் போன பிறகு தில்லைநாயகத்தால் உட்கார முடியவில்லை. கடலோரம் போனார். திரும்பி வந்தார். கண்ணை மூடினார். மணலில் யாரோ வருவதுபோல் இருந்தது. திறந்து பார்த்தால் ஒரு நண்டு.

குருவிடம் போனார்.

"தாயே, இந்த இடத்துக்கு என்ன பேரு?"

"மேடு."

"அதில்ல. நாலு பக்கமும் தண்ணி இருந்தா தீவு. மூணு பக்கம் இருந்தா தீபகற்பம். இது தீபகற்பம். அதனாலதான் எனக்கு இங்க மனசு நிக்கல. மூணு பக்கம் அடங்கிக் கிடக்குது. நாலாவது பக்கமா ஓடிடுது."

"சரி."

"அந்த மணலைக் குறுக்கே வெட்டிட்டா இது தீவு. யாரும் நடந்து வர முடியாது."

"மகன் வர்றது தொந்தரவா, அவன் சொல்றது தொந்தரவா?"

"வர்றதுதான்" என்றார் உடனே.

குரு உள்ளே போய் மண்வெட்டியை எடுத்து வந்தார்.

"வெட்டுங்க."

மறுநாளே தொடங்கினார். ஆடுகளை ஓட்டிக்கொண்டு மேட்டுக்கு வந்த சடைச்சி நின்று பார்த்தாள்.

"என்ன பெரியவரே, கடலுக்கே வாய்க்காலா?"

"இந்த மேட்டைத் தீவாக்கப் போறேன்."

"ஆக்குங்க. அதுக்கு முன்ன என் ஆட்டுக்கு நீச்சல் சொல்லிக் குடுத்துடுங்க."

"வேற எங்கயாவது கொண்டுபோய் மேய்ச்சுக்க."

"நான் இங்கயே பொறந்தவ. வேற எடத்துல மேய வந்தது நீங்க."

தில்லைநாயகம் மணலை வேகமாக வாரி எறிந்தார்.

பள்ளம் இடுப்பளவு ஆயிற்று. உள்ளங்கையில் கொப்புளம் வந்து உடைந்தது. மாசிலாமணி வரவில்லை. நல்லதுதான் என்று சொல்லிக்கொண்டார். நாலு வெட்டு வெட்டுவார். ஏன் வரவில்லை என்று ஊர்ப்பக்கம் நிமிர்ந்து பார்ப்பார்.

ஒரு நாள் சடைச்சியை அவரே நிறுத்தினார்.

"எங்க வீட்டுப் பக்கம் போனியா?"

"போனேன்."

"கதவு?"

"தெறந்துதான் இருக்கு. உங்க வீட்டம்மா கண்ணு முழிச்சுத்தான் கிடக்காங்க. யாரு நடந்தாலும் தலையத் தூக்கிப் பாக்குறாங்க."

அன்று அவர் சாப்பிட எழுந்து வரவில்லை. குரு கஞ்சியைக் கொண்டுவந்து பள்ளத்தின் ஓரத்தில் வைத்தார்.

"போதும்னா நிறுத்திக்கலாம்."

"இல்ல தாயே. வெட்டி முடிச்சுட்டா அப்புறம் யோசிக்க வேண்டியதில்ல."

குரு கஞ்சியை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

கடல் ஏறிய ஒரு காலையில் கடைசிக் கரையை வெட்டினார். ஒரு ஓரம்தான் கசிந்தது. அடுத்த வெட்டுக்குக் கை ஓங்குவதற்குள் கரை மொத்தமாகச் சரிந்து தண்ணீர் பள்ளத்துக்குள் பாய்ந்தது. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தாவி, கைகளால் மணலைப் பற்றி ஏறிக் குப்புற விழுந்தார்.

எழுந்து பார்த்தபோது பள்ளத்தின் மறுமுனையும் உடைந்து இரண்டு பக்கத்துக் கடலும் சேர்ந்துவிட்டன. எதிரே மேட்டில் குரு நின்றிருந்தார்.

"தாயே, ஆச்சு. தீவாயிடுச்சு."

"ஆமா. நான் தீவுல நிக்கிறேன். நீங்க எங்க நிக்கிறீங்க?"

தில்லைநாயகம் திரும்பிப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் சடைச்சியின் ஆடுகள் கூட்டமாக நின்றன. அதற்கு அப்பால் ஊர்.

"அவசரத்துல தப்பான பக்கம் தாவிட்டேன். இடுப்பளவு தண்ணிதான். இறங்கி வந்துடறேன்."

"எந்தப் பக்கம்னு நான் சொல்லலை. உங்க மகனும் வந்து கூப்பிடலை. உசிருக்குப் பயந்து நீங்களாத் தாவினது. அது தப்பான பக்கம்னு யாரு சொன்னது?"

தில்லைநாயகம் தண்ணீரை ஒரு தடவை பார்த்துவிட்டுத் திரும்பினார்.

ஆடுகள் விலகி அவருக்கு வழி விட்டன.