சடையாண்டி கோவத்தைப் பானையில அடைச்ச கதை

உலை கொதிக்கிற வரைக்கும் ஒரு கதை சொல்றேன், கேளுங்க. பொங்கி வந்தா யாராவது போய் இறக்கிருங்க, கதை நடுவுல என்னை எழுப்பக் கூடாது. ஏன் சொல்றேன்னா, இந்தக் கதையில வர்ற அண்ணந்தம்பிகளுக்கு அப்பன் ஒருத்தன் இருந்தான். அவன் பொண்டாட்டி "பாலு பொங்குதான்னு பாத்துக்க"ன்னு சொல்லிட்டுத் தண்ணிக்குப் போனா. திரும்பி வந்தா பாலெல்லாம் அடுப்புக்குள்ள. இவன் பக்கத்துலயே கண்ணு இமைக்காம உக்காந்திருக்கான். "பொங்குச்சு. நல்லாப் பாத்தேன்"ங்கிறான்.

அந்த ஆளு பெத்த புள்ளைக மூணு. சுண்டக்காப்பட்டியில ஒரே வீட்டுல இருந்துச்சுக. மூத்தவன் சடையாண்டி. நடுவுள்ளவன் மொக்கையன். கடைசி மாயன். மாயந்தான் ரொம்ப விவரமானவன்னு மத்த ரெண்டு பேரும் சொல்லிக்குவாங்க. ஊருல வேற யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்ல.

கல்யாணம் ஆனது சடையாண்டிக்கு மட்டும். பொண்டாட்டி பேரு ஒச்சம்மா. தங்கமான பொண்ணு, வாய்தான் கொஞ்சம் நீளம். சடையாண்டிக்கோ மூக்கு மேல கோவம். களியில உப்புக் கொறைஞ்சா வட்டிலைத் தூக்கி வாசலுக்கு வீசிருவான். ஒருக்கா அது சேவல் மேல விழுந்துச்சு. அதுலருந்து அந்தச் சேவல், இவன் சாப்பிட உக்காந்தாலே கூரை மேல ஏறிக்கும். ஊருல பாதிப் பேரு அதைப் பாத்துத்தான் சாப்பாட்டு நேரத்தைத் தெரிஞ்சுக்கிட்டாங்க.

ஒரு நா ஒச்சம்மா துணி மூட்டையைக் கட்டிட்டா.

"ஒன் ஒடம்புல இருக்குற பித்தமும், மனசுல இருக்குற கோவமும் என்னைக்கு வெளிய போகுதோ, அன்னைக்குத்தான் இந்த வாசப்படியை மிதிப்பேன். இந்த வீட்டுல ஒண்ணு கோவம் இருக்கணும், இல்லாட்டி நான் இருக்கணும்"னு சொல்லிட்டுப் பொறந்த வீட்டுக்குப் போயிட்டா.

சடையாண்டிக்குச் சோறு இறங்கல. அவ மேல அம்புட்டுப் பிரியம் வச்சிருந்தான், அதைக் கூடக் கோவமாத்தான் காட்டத் தெரியும் பாவத்துக்கு. தம்பிக ரெண்டு பேரும் அவனைக் கூட்டிக்கிட்டுக் குப்பமுத்து வைத்தியர்ட்டப் போனாங்க.

வைத்தியர் நாடியைப் பிடிச்சாரு. "ஒடம்பும் அழுக்கு, மனசும் அழுக்கு. சொல்றதை அப்படியே செய்யணும். மொதல்ல வெளக்கெண்ணெய் குடி. குடிச்சிட்டு வீட்டை விட்டு எங்கயும் போகாத. வயிறு சுத்தமானதும் ஒரு பானைக்குள்ள வாயை வச்சு, உள்ள கெடக்குற கோவத்தையெல்லாம் கத்திக் கொட்டிரு, மனசு லேசாயிரும். அப்பறம் உச்சியிலருந்து பாதம் வரைக்கும் நல்லெண்ணெய் தேச்சு ஊறு. நான் மக பிரசவத்துக்கு வெளியூரு போறேன். வந்து நாடி பாத்துட்டுச் சொல்றேன், அதுக்கப்பறம் குளி."

அந்த வீட்டுல ஒரு வழக்கம். எது வந்தாலும் மூணு பங்கு. ஒத்தைப் பனங்கா வந்தாலும் மூணு பங்கு. அதனால வெளக்கெண்ணெயையும் மூணு பங்கு வச்சாங்க. "அண்ணனுக்கு மட்டும் குடுத்துட்டு நாம சும்மா இருந்தா ஊரு என்ன பேசும்?"னு மொக்கையன் கேட்டான். நாயந்தானே.

கொஞ்ச நேரத்துல மூணு வயிறும் பேச ஆரம்பிச்சிருச்சு.

"அண்ணே, கருவேலங்காட்டுக்குப் போகணும். அவசரம்."

"வீட்டை விட்டுப் போகக் கூடாதுன்னு வைத்தியர் சொல்லியிருக்காருடா."

"அப்ப இங்கனயேவா?"

"மதினிக்குத் தெரிஞ்சா வெளக்குமாறு பிய்யும்" அப்படின்னான் மாயன். பல்லைக் கடிச்சுக்கிட்டு யோசிச்சான். "அண்ணே, நாம வீட்டை விட்டுட்டுத்தானே போகக் கூடாது? வீட்டையும் கூடக் கூட்டிட்டுப் போனா?"

"எப்படிடா?"

"வீடுன்னா என்ன, சுவரா? சுவரு மாட்டுக்கொட்டத்துலயும் இருக்கு. கதவா? கதவு கோயில்லயும் இருக்கு. கூரைதாண்ணே வீடு. நாம கூரைக்குக் கீழதானே குடியிருக்கோம்?"

பெரிய கூரையைத் தூக்க முடியாதுன்னு அடுப்படிக் கூரையை அவுத்தாங்க. மூணு பேரும் அதுக்குக் கீழ நின்னு தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினாங்க. வெளிய இருந்து பாத்தா ஆறு காலு வச்ச கூரை ஒண்ணு தெருவுல ஓடுது. எதுக்கால மாடு ஓட்டிக்கிட்டு வந்த ஆளு, "என்னப்பா, வீடு மாத்துறீங்களா?"ன்னு கேட்டான்.

"இல்ல, வீட்டுலதான் இருக்கோம்"னு உள்ள இருந்து பதில் வந்துச்சு. "வழியை விடு."

அன்னைக்கு அந்தக் கூரை எத்தனை நடை போச்சு வந்துச்சுன்னு கேக்காதீங்க. எங்க சின்னாத்தா ஒருத்தி இருந்தா, வெளக்கெண்ணெய் குடிக்கிற அன்னைக்கு வாசல்ல கோலம் போட மாட்டா. கோலத்தைப் பாத்து விருந்தாளி நுழைஞ்சிரக் கூடாதாம். அப்படியும் ஒருக்கா சம்பந்தி வீட்டுக்காரங்க வண்டி கட்டி வந்துட்டாங்க. அது வேற கதை, சோறு திங்கப் போற நேரத்துல சொல்லக் கூடாது. எங்க விட்டேன்? ஆங், கூரை. கடைசி நடையில கையி ஓஞ்சுபோய்க் கூரையைக் கருவேலங்காட்டுலயே போட்டுட்டு வந்துட்டானுக.

அடுத்தது பானை. புதுப் பானையா ஒண்ணு எடுத்தாங்க. சடையாண்டி உள்ள வாயை வச்சுக் கத்தினான். உப்பில்லாத களி மேல இருந்த கோவம், வெயில் மேல கோவம், மழை மேல கோவம், எல்லாத்தையும் கொட்டினான். பானை "ங்ங்ங்"ன்னுச்சு.

"இன்னும் எடம் இருக்கா?"ன்னு எட்டிப் பாத்தான் மொக்கையன். இருந்துச்சு. சின்ன வயசுல தன் கையில இருந்த பணியாரத்தைப் பிடுங்கிட்டுப் போன காக்கா மேல இருந்த கோவத்தை அவனும் கொட்டினான். தன்னைக் கேக்காம தனக்கு முன்னாடி பொறந்ததுக்காக அண்ணங்க ரெண்டு பேர் மேலயும் இருந்த கோவத்தை மாயன் கொட்டினான். கொட்டி முடிச்சதும் வாயைத் துணியால கட்டி, மேல களிமண்ணு பூசிட்டாங்க.

"கனக்குதாண்ணே?"

"கனக்குது."

"முன்னாடி எம்புட்டு இருந்துச்சு?"

"முன்னாடி தூக்கிப் பாக்கலையேடா."

இப்ப எங்க வைக்கிறதுன்னு ஒரு பஞ்சாயத்து. கெணத்துல போட்டா ஊரே அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டு அடிச்சுக்கும். குழி தோண்டிப் புதைச்சா முளைச்சாலும் முளைச்சிரும். வீட்டுல வைக்கலாம்னா, கோவம் வீட்டுல இருக்கக் கூடாதுன்னு ஒச்சம்மா சொல்லிட்டுப் போயிருக்கா.

"அடுப்படியில வைப்போம்" அப்படின்னான் மாயன். "அதுக்குத்தான் கூரை இல்லையே. அது வீட்டுல சேராது."

இவனையா விவரமில்லாதவன்னு சொல்றாங்கன்னு மொக்கையனுக்குக் கண்ணு கலங்கிருச்சு.

அப்பறம் நல்லெண்ணெய் தேச்சு ஊறினாங்க. வைத்தியர் வரல, ஊறினாங்க. காஞ்சா மறுபடி தேச்சாங்க. செம்பைப் பிடிச்சா செம்பு நழுவுது. கயித்தைப் பிடிச்சா மாடு தன் பாட்டுக்குப் போகுது. ஊருப் புழுதியெல்லாம் ஒடம்புல அப்பிக்கிட்டு, மூணும் கருப்பட்டியில பெரட்டின கொழுக்கட்டை மாதிரி ஆயிட்டானுக.

இதுக்குள்ள, "ஒம் புருசன் கோவத்தையெல்லாம் கொட்டிட்டானாம்"னு ஒச்சம்மாவுக்குச் சேதி போயிருச்சு. மூட்டையைத் தூக்கிக்கிட்டு வந்துட்டா. அவளுக்கும் ஆசைதானே, எத்தனை நாளைக்குத்தான் பொறந்த வீட்டுல அண்ணன் பொண்டாட்டி மொகத்தைப் பாத்துக்கிட்டு இருக்கிறது?

வாசப்படியை மிதிச்சதும், "என்னய்யா இது கோலம்?"ன்னா.

"சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கேன் புள்ள" அப்படின்னான் சடையாண்டி. பல்லு மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சுச்சு.

அடுப்படிக்குப் போனா. மேல பாத்தா ஆகாசம். "கூரை எங்க?"

"கருவேலங்காட்டுல பத்திரமா இருக்கு மதினி"ன்னாங்க தம்பிக.

ஒச்சம்மா, புருசனைச் சோதிச்சிரணும்னு உப்பே போடாம ஒரு களி கிண்டிக்கொண்டு வந்து மூணு பேருக்கும் வச்சா. சேவல் அவசரமாப் பெரிய கூரை மேல ஏறிக்கிச்சு.

சடையாண்டி உருண்டையை எடுத்தான். நழுவி விழுந்துச்சு. மறுபடி எடுத்தான். ஒரு வழியா வாயில போட்டுட்டு, "ருசியா இருக்கு புள்ள"ன்னான்.

"அதுல உப்பு இல்லையே?"

"ஆமா, இல்ல."

"கோவம் வரலையா?"

"இருந்தாத்தானே வர்றதுக்கு? அதான் அடுப்படிப் பானையில பூசி வச்சிருக்கோமே."

"மண்ணு பூசி இருந்துச்சே, அந்தப் பானையா? காலியாத்தானே கெடந்துச்சு? அதுலதான்யா களி கிண்டுனேன்!"

மூணு பேரும் வட்டிலைத் தள்ளி வச்சுட்டாங்க.

"கோவத்தைத் தின்னுட்டோமாண்ணே?"ன்னு கேட்டான் மொக்கையன்.

"கழுவிட்டுத்தாண்டா கிண்டுனேன், கூறு கெட்டவனே!"

"கழுவின தண்ணி?"

"முருங்கைக்கு ஊத்தினேன்."

அண்ணந்தம்பிக முருங்கை மரத்துக்கிட்டப் போய்க் கை கட்டி நின்னாங்க. "அது மொகத்தைப் பாரு, எப்படி வெறப்பா நிக்குது"ன்னான் மாயன். முருங்கைக் கொம்பைப் பத்தி ஒங்களுக்குத் தெரியும், ஒரு கிளி உக்காந்தாக் கூட முறியும். சடக்குன்னு ஒரு கொம்பு முறிஞ்சு மொக்கையன் மண்டையில விழுந்துச்சு.

"இது காக்கா மேல இருந்த கோவம்ணே" அப்படின்னான் மொக்கையன், மண்டையைத் தடவிக்கிட்டே. "எனக்கு அடையாளம் தெரியுது. அம்புட்டு வருசம் நாந்தானே வச்சிருந்தேன்."

ஒச்சம்மாவால அதுக்கு மேல தாங்க முடியல. "அட மூளையில்லாத முண்டங்களா!"ன்னு ஆரம்பிச்சா பாருங்க. கூரைக்கு ஒரு பாட்டு, பானைக்கு ஒரு பாட்டு, அவங்க அப்பன் பொங்கவிட்ட பாலுக்கு ஒரு பாட்டு.

மாயன் ஓடிப்போய்க் களியை வழிச்சுப் போட்டுட்டுப் பானையைக் கொண்டாந்தான். நழுவிராம மூணு பேரும் கட்டிப் பிடிச்சு அவ வாய்க்கு நேரா நீட்டினாங்க.

"மதினி, கொஞ்சம் இப்படித் திரும்பித் திட்டுங்க. சிந்துது."

அவளுக்கு அழுகையே வந்துருச்சு. "நான் போறேன்"னு மூட்டையைத் தூக்கினா.

சடையாண்டி பதறிட்டான். "போகாத புள்ள! வேணுமுன்னா கருவேலங்காட்டுல போய் இருந்துக்கிறேன், கூரை அங்கதான் இருக்கு!"ன்னு அவ கையைப் பிடிச்சான். சளுக்குன்னு வழுக்கிருச்சு. மறுபடி பிடிச்சான், வழுக்கிருச்சு. மூட்டையைப் பிடிச்ச மொக்கையன் அவன் மேல விழ, மொக்கையனைத் தூக்கப்போன மாயன் ரெண்டு பேர் மேலயும் விழ, மூணும் ஒருத்தனை ஒருத்தன் பிடிச்சு எந்திரிக்கிறதும் விழுறதுமா மீன் கூடை கவுந்த மாதிரி துள்ளிக்கிட்டுக் கெடக்குதுக. சடையாண்டி மட்டும் அந்தக் குவியலுக்கு அடியில இருந்து, "போகாத புள்ள, போகாத புள்ள"ங்கிறான்.

ஒச்சம்மா பாத்தா. வாயைப் பொத்தினா. முடியல. சிரிச்சுச் சிரிச்சு மூட்டை மேலயே உக்காந்துட்டா. "இதுகளை இப்படியே விட்டுட்டுப் போனா ஊரே வழுக்கி விழும்"னு சொல்லி மூட்டையை அவுத்தா.

அந்த நேரம் பாத்து வைத்தியர் பேரன் பொறந்த சந்தோசத்துல கல்கண்டு குடுக்க வந்தாரு. வாசல்ல காலை வச்சாரு. அம்புட்டுத்தான், கல்கண்டு ஒரு பக்கம் அவரு ஒரு பக்கம்.

"அடப்பாவிகளா, இன்னுமாடா குளிக்கல?"

"நீங்க இன்னும் சொல்லலையே அய்யா!"

வைத்தியருக்கு வந்துச்சே கோவம். மொகமெல்லாம் செவந்து, மீசை துடிக்குது. மூணு பேரும் பானையைத் தூக்கிக்கிட்டு அவர்ட்ட ஓடினாங்க. "அய்யா, உள்ள வச்சுக்காதீங்க, ஒடம்புக்கு ஆகாது!"ன்னு அவரு வாய்க்கு நேரா வச்சிட்டாங்க. அவரும் பானைக்குள்ளயே, "போய்க் குளிச்சுத் தொலைங்கடா!"ன்னு தொண்டை கிழியக் கத்திட்டு, இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாரு.

மூணு பேரும் பானையைச் சுத்தி உக்காந்தாங்க.

"குளிக்கச் சொல்லிட்டாருல்ல?"ன்னான் மொக்கையன்.

"சொன்னாரு" அப்படின்னான் மாயன். "ஆனா நம்மகிட்டயா சொன்னாரு? பானைகிட்டச் சொன்னாருண்ணே."

சடையாண்டி ரொம்ப நேரம் யோசிச்சுட்டுத் தலையை ஆட்டினான்.

ஒச்சம்மா வெந்நி போட்டு, சீயக்கா கரைச்சு வச்சுட்டு, புருசனைக் கூப்பிடப் பின்பக்கம் வந்து பாத்தா, மூணு பேரும் பானையை மணையில உக்கார வச்சுத் தேச்சுக் குளிப்பாட்டிக்கிட்டு இருக்கானுக. தொவட்டி விட்டு, சளி பிடிக்கக் கூடாதுன்னு சாம்பிராணியும் காட்டினாங்க.

"அப்ப நீங்க எப்பய்யா குளிக்கிறது?"ன்னா ஒச்சம்மா.

சடையாண்டி பானையை மடியில வச்சுத் தட்டிக் குடுத்துக்கிட்டே சொன்னான்.

"சத்தம் போடாத புள்ள. இப்பத்தான் தூங்குது."