பொன்னுருவி அடைத்து வைத்த அறை

தாமரைக் குளத்துக்கும் சாமைக் கொல்லைக்கும் நடுவே ஒரு செம்மண் மேடு. அந்த மேட்டுக்குள் வளை தோண்டி ஒரு வெள்ளெலிக் குடும்பம் குடியிருந்தது. பெண் எலியின் பெயர் பொன்னுருவி. ஆண் எலி சடையன். அவர்களுக்கு நான்கு குஞ்சுகள். மூன்று குஞ்சுகள் கொழுகொழுவென்று இருந்தன. கடைசிப் பெண் கடுகு மட்டும் நோஞ்சான். ஒரு வேளை தின்னாவிட்டால் மறுவேளை அவளுக்குத் தலை நிற்காது.

பொன்னுருவியைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. போன வருஷம், இந்தக் குஞ்சுகள் பிறப்பதற்கு முன்னால், ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டது. வளைக்குள் ஒரு மணி தானியம் இல்லை. மூன்று நாள் கோரைக்கிழங்கைக் கடித்துக்கொண்டு கிடந்தார்கள். மழை விட்ட அன்றே பொன்னுருவி ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"இனிமே ஒரு ஆபத்துன்னு வந்தா நம்ம வீட்டுல யாரும் பட்டினி கிடக்கக் கூடாது. ஒரு அறை நிறைய சாமை வைக்கப்போறேன்," என்றாள் சடையனிடம்.

"அறை நிறையவா?"

"அறை நிறைய. ஆபத்துக்குன்னு வைக்கிறது. அதுல யாரும் வாய் வைக்கக் கூடாது. நீங்களும்தான்."

சடையன் மீசையைத் தடவிக்கொண்டான். வீட்டில் எதற்கு வாய் திறக்க வேண்டும், எதற்குத் திறக்கக் கூடாது என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

புரட்டாசியில் சாமை முற்றியது. பொன்னுருவி விடியும் முன்னே எழுந்துவிடுவாள். வெயில் ஏறினால் வல்லூறு வட்டமிட ஆரம்பித்துவிடும் அல்லவா? அதனால் கொல்லையில் பனி மூடிக் கிடக்கும்போதே போய்க் கதிர்களைக் கடித்து இழுத்துக்கொண்டு வருவாள். அந்த நேரத்தில் கொல்லை தரையில் இருக்கிறதா, வானத்தில் மிதக்கிறதா என்றே தெரியாது. ஒவ்வொரு கதிரிலும் பனித்துளி தொங்கும். அந்தத் துளிகளோடு கதிர்கள் அவளுக்கு அத்தனை அழகாகத் தெரியும். அப்படியே, அந்த ஈரத்தோடேயே, கொண்டுபோய் அடி அறையில் அடுக்குவாள்.

மேட்டின் உச்சியில் எறும்புகளின் புற்று இருந்தது. அங்கே பக்கத்துப் பாறையில் எறும்புகள் தானியத்தைப் பரப்பி வைத்துக் காவல் காத்துக்கொண்டிருக்கும். நாச்சி என்கிற எறும்பு ஒருநாள் பொன்னுருவியை வழிமறித்தாள்.

"ஏன் அக்கா, காயவைக்காமயா உள்ள கொண்டுபோறீங்க?"

"வெளிய பரப்பினா மைனா விட்டு வைக்குமா, நாச்சி? நீங்க நூறு பேர் இருக்கீங்க, காவல் இருப்பீங்க. எங்க வீட்டுல நான் ஒருத்திதான் நடமாடுறேன்."

"மாமா?"

"அவர் இருக்கார்," என்றாள் பொன்னுருவி.

பிறகு பாறையைப் பார்த்தாள். அதில் இருந்தது புதுச் சாமை இல்லை. நிறம் மங்கிய பழைய மணிகள்.

"இது என்ன?"

"போன வருஷத்துது அக்கா. வெயில் காட்டி, இதை முதல்ல தின்னு தீர்ப்போம். புதுசைக் காயவெச்சு அந்த இடத்துல வைப்போம். எங்க வீட்டுல எப்பவும் அப்படித்தான்."

பொன்னுருவி சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தாள். ஆபத்துக்கு வைத்ததைத் தாங்களே தின்றுகொண்டிருக்கிறதுகள்! இதுகளைப் போய் எல்லாரும் சேமிப்புக்குப் பேர்போனவர்கள் என்கிறார்களே என்று அவளுக்கு வேடிக்கையாக இருந்தது.

அறை நிறைந்தது. கூரை வரைக்கும் நிறைந்தது. பொன்னுருவி களிமண் குழைத்து வாசலை அடைத்தாள். ஒரு காற்றுப்புழைகூட விடவில்லை. வாலால் நீவி நீவி வழவழப்பாக்கினாள். அன்றாடத் தீனிக்கென்று இருந்த மேல் அறையில் ஏதோ கொஞ்சம்தான் மிஞ்சியது. அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. மதியம் குஞ்சுகள் தூங்கியதும் மெதுவாகக் கீழே இறங்குவாள். அடைத்த சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவாள். கண்ணை மூடினால் போதும், அந்த நாள் வந்துவிடும்.

அந்த நாளில் வெளியே பெருமழை. குளமும் கொல்லையும் ஒன்றாகிவிட்டன. அவள் எழுந்து சுவரில் பல்லை வைக்கிறாள். ஒரு சின்ன ஓட்டை. அதன் வழியாகச் சாமை பொன்மணியாகச் சரிந்து காலடியில் கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது, சத்தமே இல்லாமல். குஞ்சுகள் அதில் நீந்துகின்றன. வாசலில் முயல்கள் நிற்கின்றன. அணில்கள் நிற்கின்றன. பொல்லாத மைனாகூட ஒரு ஓரமாகத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறது. "வாங்க, வாங்க, எல்லாருக்கும் இருக்கு," என்கிறாள் பொன்னுருவி.

சில நாள் போனதும் சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. ஐப்பசிக் குளிருக்கு அது இதமாக இருந்தது. 'பாரேன், தானியமே சூடு தருகிறது,' என்று நினைத்துக்கொண்டாள். இன்னும் சில நாளில் சுவருக்குள்ளிருந்து ஒரு வாசனை கசிந்தது. இனிப்பும் புளிப்புமாக, பழுத்த பனம்பழத்தைப் பக்கத்தில் வைத்தது போல. அதை மோந்ததும் தூக்கம் இன்னும் சுகமாக வந்தது. கனவில் இப்போது குளத்துத் தாமரைகள் எல்லாம் வளைக்குள் வந்து பூத்தன. பொன்னுருவி பொழுது சாய்ந்த பிறகுதான் மேலே ஏறி வருவாள், கண்கள் கிறங்கி, ஒரு புன்னகையோடு.

கார்த்திகை பிறந்தது. மழையும் பிறந்தது.

முதல் நாள் மழையிலேயே மேல் அறைத் தீனி காலியாகிவிட்டது. சடையன் கேட்டான்: "அறையைத் திறக்கலாமா?"

"இதுவா ஆபத்து? இது தூறல்," என்றாள் பொன்னுருவி.

மறுநாள் வெளியே போக முடியவில்லை. கோரைப்புல்லெல்லாம் தண்ணீருக்குள் மூழ்கிவிட்டது. குஞ்சுகள் வளைக்குள் நீண்டிருந்த வேர்களைக் கடித்து மென்றன.

"குளம் நிரம்பிக்கிட்டு வருது, பொன்னு."

"நிரம்பட்டும். நிரம்பினதும் பாக்கலாம்."

குளம் நிரம்பியது. "கரை தாங்குது இல்ல? கரை உடையட்டும்," என்றாள். வருகிற விருந்தாளிக்குக் காத்திருப்பது போல அவள் ஆபத்துக்குக் காத்திருந்தாள். வந்து நின்றவனைப் பார்த்து, இவன் இல்லை, இன்னும் பெரியவன் ஒருவன் வருவான் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பாவம், அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. பயந்தவள். இன்றைக்குத் திறந்து தின்றுவிட்டு, நாளைக்கு இதைவிட மோசமாக ஒன்று வந்தால் என்ன செய்வது? இந்தக் கேள்வி அவளை விடவே இல்லை.

மூன்றாம் நாள் மத்தியானம். மழை மூட்டத்தில் வளை வாசல் சாம்பல் நிறமாகத் தெரிந்தது. மூன்று குஞ்சுகள் அழுதுகொண்டிருந்தன. கடுகு அழவில்லை. அம்மாவின் காலில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். பொன்னுருவி ஒரு வேரை மென்று அவள் வாயில் வைத்தாள். வாய் மூடியே இருந்தது.

"தின்னும்மா. கொஞ்சம் தின்னு."

"வேணாம்மா," என்றாள் கடுகு. "எனக்குப் பசி போயிடுச்சு."

பசிக்கிறது என்று அழுகிற பிள்ளையைப் பொன்னுருவி பார்த்திருக்கிறாள். பசி போய்விட்டது என்று சொல்கிற பிள்ளையை இப்போதுதான் பார்க்கிறாள். விழுந்தடித்துக்கொண்டு கீழே ஓடினாள். சுவரில் பல்லை வைத்தாள்.

ஓட்டை விழுந்தது. சாமை சரியவில்லை. குப்பென்று சூடான ஒரு காற்று முகத்தில் அடித்தது. அவள் இன்னும் பெரிதாகத் தோண்டினாள். உள்ளே தானியமே இல்லை. வெள்ளை வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பாய் மாதிரி கிடந்தன. வெளிச்சம் தேடி வெளிறிப்போன முளைகள் நாலாபக்கமும் நீண்டிருந்தன. அதற்குக் கீழே எல்லாம் கறுத்து, பூசணம் பூத்து, கொழகொழவென்று அழுகியிருந்தது. இத்தனை நாள் முதுகுக்கு இதமாக இருந்த சூடு இந்த அழுகலின் சூடு. தூங்க வைத்த வாசனையும் இதன் வாசனைதான்.

சடையன் ஒரு வாய் எடுத்து மென்று பார்த்தான். உடனே துப்பினான். அவன் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "குழந்தைக்கு இதைக் கொடுக்கக் கூடாது," என்றான்.

பொன்னுருவி இரண்டு கையாலும் கிளறினாள். ஒரு நல்ல மணி, ஒரே ஒரு மணி கிடைக்காதா என்று மூலை மூலையாகத் தேடினாள். கிடைக்கவில்லை. பனியோடு கொண்டுவந்த கதிர் ஒவ்வொன்றும் அவள் கண் முன்னால் வந்து போயிற்று.

அவள் வெளியே வந்தாள். மழை முதுகில் அறைந்தது. மேடு வழுக்கியது. விழுந்து எழுந்து உச்சிக்கு ஏறினாள். புற்றின் வாயை எறும்புகள் மண் வைத்து மூடியிருந்தன.

"நாச்சி," என்று கூப்பிட்டாள். "நாச்சி, நான் பொன்னுருவி."

கொஞ்ச நேரம் கழித்து மண் உதிர்ந்தது. நாச்சியின் தலை தெரிந்தது.

"இந்த மழையில எங்க அக்கா வந்தீங்க?"

"என் அறை முழுக்க முளைச்சு அழுகிப்போச்சு. கடுகுக்குத் தலை நிக்கல. ஒரு வாய் தானியம் கொடு நாச்சி. எனக்கு வேண்டாம், அவளுக்கு மட்டும்."

உள்ளே எறும்புகள் முணுமுணுத்தன. "எலி வாய் பெரிசாச்சே. நமக்கே மழை எத்தனை நாளோ," என்றது ஒன்று.

"பெரிய வாய்க்கு இல்ல, சின்ன வாய்க்குக் கேக்குறாங்க," என்று அதை அடக்கினாள் நாச்சி. "கொண்டு வாங்க."

புற்றுக்குள்ளிருந்து சாமை வந்தது. ஒரு எறும்புக்கு ஒரு மணி. ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொன்னுருவியின் முன்னே வைத்துவிட்டுத் திரும்பின. எல்லாம் போன வருஷத்து மணி. நிறம் மங்கியிருந்தாலும் கல் போலக் காய்ந்திருந்தது, கடித்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. பொன்னுருவி ஈரம் படாமல் அவற்றைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டாள். வாய் நிறைய இருந்ததால் அவளால் நன்றி சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் தாழ்த்தினாள். நாச்சியும், "நான் அன்னைக்கே கேட்டேனே," என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொன்னுருவி தாங்கியிருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்து மணிகளை மென்று கூழாக்கி, கடுகின் உதட்டில் தடவினாள். முதலில் உதடு அசையவில்லை. பிறகு நாக்கின் நுனி தெரிந்தது. இன்னும் கொஞ்சம் தடவினாள். கடுகு விழுங்கினாள். மற்ற மூன்றுக்கும் ஆளுக்கு ஒரு நக்கு கிடைத்தது. சடையன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு தனக்குப் பசியே இல்லை என்றான்.

வெகு நேரம் கழித்துக் கடுகு கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, இது நம்ம அறையில இருந்தா?"

குஞ்சுகள் நான்கும் பொன்னுருவியின் முகத்தைப் பார்த்தன. ஆமாம் என்று சொல்லிவிடலாம். எத்தனை மதியங்கள் தன் அறையிலிருந்து ஊட்டுவதாகக் கனவு கண்டிருக்கிறாள்.

"இல்லம்மா. இது எறும்புங்க கொடுத்தது," என்றாள். "நம்மகிட்ட இதைவிட நிறைய இருந்துச்சு. காயவைக்காம வெச்சு, உங்களுக்கும் கொடுக்காம வெச்சு, நான்தான் கெடுத்துட்டேன்."

கடுகு கொஞ்சம் யோசித்தாள். "இன்னும் ஒரு வாய் இருக்கா?" என்று கேட்டாள். பசி திரும்பி வந்துவிட்டது. பொன்னுருவி அவளை அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

மறுநாள் மதியம் மழை விட்டது. சடையன் அழுகிய பாயை இழுத்து இழுத்து வெளியே போட்டான். அடுத்த அறுவடைக்கு அவன்தான் மைனாவை விரட்டப் பாறையில் உட்கார்ந்தான். அந்த வருஷம் அறை பாதிதான் நிறைந்தது, மீதி அன்றாடத் தீனிக்கு மேல் அறைக்குப் போனது. அதற்கு அடுத்த வருஷம் புதுச் சாமை வந்தபோது, பழசு தீர்ந்தால்தான் புதுசு என்று குஞ்சுகளுக்குச் சட்டம் போட்டாள் பொன்னுருவி. பழசு ருசியில்லை என்று அவை மூக்கைச் சுளித்தன, சுளித்துக்கொண்டே தின்றன.

ஆபத்துக்கென்று வைத்ததை அவ்வப்போது திறந்து பார்த்து, பழையதைத் தின்று புதியதை வைப்பவர் வீட்டில்தான் அது ஆபத்து நாளிலும் உணவாக இருக்கும்.