கோழி அடைகாத்த லேப்டாப்

குன்னி என்ற காட்டுக்கோழி ஒரு வாத்து முட்டையை அடைகாத்துக் குஞ்சு பொரித்தது. குஞ்சுக்கு அல்லி என்று ஆசையாகப் பெயர் வைத்தது. அல்லி முதன்முதலில் குளத்தில் குதித்த அன்று, குன்னி கரையிலேயே நின்று, "ஐயோ, வெளியே வாடி!" என்று கத்தித் தீர்த்தது. கோழிக்கு நீந்தத் தெரியாதே! பாவம், வேறென்ன செய்யும்?

அல்லி வளர்ந்தது. வாத்துக் கூட்டத்தோடு சேர்ந்து மலைக்கு அப்பால் உள்ள ஏரிக்குப் போய்விட்டது. அங்கிருந்து ஒருநாள் போன் செய்தது.

"அம்மா, ஒரு கேம் இருக்கு. ரெண்டு பேர் சேர்ந்து பெரிய ஆத்தைக் கடக்கணும். அதுல நீயும் நீந்தலாம்!"

"நானா? நீந்தவா?"

"ஆமாம்மா! ஆனா உன் பழைய போன்ல அது ஓடாது. நல்ல கேமிங் லேப்டாப்பா வாங்கு. பௌர்ணமி முடிஞ்சதும் எங்க கூட்டம் வடக்கே பறந்துடும். அங்கே சிக்னலே கிடையாது."

மகளோடு ஒரே ஒருமுறையாவது தண்ணீரில் இறங்கிவிட வேண்டும்! குன்னி ஓட்டமும் நடையுமாகக் கடம்ப மரத்தடிக்குப் போனது. அங்கே வாலப்பன் என்ற குரங்கு லேப்டாப் கடை வைத்திருந்தது.

"இதுக்கு நினைவு நல்லா இருக்குமா?" என்று மெல்லிசான, பளபளப்பான ஒரு லேப்டாப்பைக் காட்டிக் கேட்டது குன்னி.

"நினைவகமா? எட்டு ஜிபி இருக்கே!"

"என் மகளை மறந்துடாதுல்ல?"

"சத்தியமா மறக்காது!" என்றது வாலப்பன், வாயெல்லாம் பல்லாக.

குன்னி ஒரு கனமான லேப்டாப்பைத் தொட்டுப் பார்த்தது. அது ஓடிக்கொண்டிருந்தும் குளிர்ச்சியாகவே இருந்தது. "சீ, இது கூழ்முட்டை!" என்று ஒதுக்கியது. அடுத்ததாக அந்த மெல்லிசான லேப்டாப். தொட்டால் கதகதவென்று இருந்தது.

"இதுல உயிர் இருக்கு! இதையே கொடு!"

வீட்டுக்கு வந்ததும் இலவம்பஞ்சைப் பரப்பி, லேப்டாப்பை அதன் மேல் வைத்தது. இரண்டு பக்கமும் இறக்கையால் மூடிக்கொண்டது. விளையாட்டு தொடங்கியது. திரையில் ஒரு கோழியும் ஒரு வாத்தும் ஆற்றில் இறங்கின.

"அம்மா, நீ நீந்துறே!"

"ஆமாண்டி கண்ணு!"

நடு ஆறு வந்தது. படம் விட்டு விட்டு நகர்ந்தது. லேப்டாப் அனலாய்க் கொதித்தது. குன்னி இன்னும் இறுக்கி அணைத்தது. பொசுக்கென்று திரை இருண்டுவிட்டது!

உடனே போன் அடித்தது. "எங்கேம்மா போனே? என்னை வெள்ளம் அடிச்சுட்டுப் போயிடுச்சு!" என்று அழுதது அல்லி. "லேப்டாப்பை எங்கே வச்சிருக்கே?"

"பஞ்சு மேல வச்சு, இறக்கையால பொத்தி வச்சிருக்கேன்!"

அல்லிக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது. "அடைகாக்கிறியாம்மா? முட்டைக்குள்ள இருந்தப்போ எனக்கு உன் சூடு தேவைப்பட்டுச்சு. இதுக்குக் காத்து வேணும்மா! உள்ளே விசிறி சுத்தும். சூடு வெளியே போக வழி இருக்கணும்."

"அப்போ அந்த எட்டு ஜிபி நினைவு?"

"அது நம்மளை ஞாபகம் வச்சுக்க இல்லைம்மா. ஆறு, மீன், நீ, நான், எல்லாரையும் ஒரே நேரத்துல தாங்கணும். உன் இறக்கைக்குள்ள எத்தனை முட்டை அடங்கும்?"

"அளவாத்தான் அடங்கும். அதுக்கு மேல வச்சா ஒண்ணு ரெண்டு வெளியே கிடக்கும்."

"அதேதான்! எட்டு இந்த ஆத்துக்குப் பத்தாது. பதினாறு ஜிபி கேளு."

மறுநாள் பௌர்ணமி. பொழுது விடிந்ததும் குன்னி லேப்டாப்போடு கடை வாசலில் நின்றது.

"நீ கேட்டதைத்தானே கொடுத்தேன்?" என்று முகம் சுளித்தது வாலப்பன். குன்னி நடந்ததைச் சொன்னது. வாலப்பனும் பிள்ளைகுட்டிக்காரன்தான். "சரி சரி, கண்ணைத் துடை. இதை வச்சுட்டு வேற பார்" என்றது.

பதினாறு ஜிபி லேப்டாப்புகளில் எல்லாம் குன்னி அந்த விளையாட்டையே ஓடவிட்டது. ஒவ்வொன்றின் மேலும் நெஞ்சை வைத்துப் பார்த்தது. சூட்டை அளக்கக் கோழி நெஞ்சுக்குத் தெரியாதா! பல லேப்டாப்புகள் கொஞ்ச நேரத்திலேயே கொதித்தன. ஒன்று மட்டும் நிதானமாகவே இருந்தது. அதன் பின்பக்கத்திலிருந்து வெப்பக்காற்று புஸ்ஸென்று வெளியேறியது. அது நேற்று கூழ்முட்டை என்று ஒதுக்கிய அதே கனமான லேப்டாப்!

"மன்னிச்சுக்கோடா ராசா" என்று அதைத் தூக்கிக்கொண்டு வந்தது.

மாலையில் அதைத் தட்டைப் பாறை மேல் வைத்தது. இறக்கையை மடக்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்தது. அணைக்காமல் இருப்பது அதற்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. கோழியும் வாத்தும் ஆற்றில் இறங்கின. நடு ஆற்றைத் தாண்டின. அக்கரை வந்தது!

"அம்மா, கரை ஏறிட்டோம்!"

"இருடி, அவசரப்படாதே!" என்றது குன்னி. "இன்னும் கொஞ்ச நேரம் தண்ணியிலேயே இருப்போம்."

நமக்குத் தெரிந்ததை அள்ளிக் கொடுப்பதைவிட, எது தேவை என்று கேட்டுக் கொடுப்பதே உண்மையான அன்பு.