இன்ஜெக்டர் வாங்கியவர்

"எதை வாங்கறதுங்கம்மா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"எதுக்கு எதை?"

"லாரிக்கு இன்ஜெக்டருங்க."

தவமணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

மலையடிவாரத்தில் இருந்தது அந்த ஆசிரமம். பார்ப்பதற்கு மூடிப்போன கோழிப்பண்ணை போல இருக்கும். அது மூடிப்போன கோழிப்பண்ணைதான். அதை வாங்கி வெள்ளையடித்துப் பத்துப் பதினைந்து பேர் தங்கியிருந்தார்கள். தவமணி அம்மா அவர்களுக்குக் குரு.

ஏகாம்பரம் அம்மாவைவிட இருபது வயது மூத்தவர். முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். போதும் என்று ஸ்டியரிங்கை விட்டுவிட்டு ஆசிரமத்துக்கு வந்தார். வந்த அதே மாதம், ஒரு நூல் மில் முதலாளி ஆசிரமத்துக்குப் பழைய லாரி ஒன்றைத் தானமாக அனுப்பினார். உலகத்தைத் துறந்தவரைத் தேடிக்கொண்டு ஆறு சிலிண்டரோடு உலகம் வந்து வாசலில் நின்றது.

வேறு யாருக்கும் லாரி ஓட்டத் தெரியாது.

கோடையில் மலைமேல் இருக்கும் புளியங்காடு என்ற ஊரில் கிணறு வற்றிவிடும். லாரியில் தொட்டியை ஏற்றி, தினமும் காலையில் ஏகாம்பரம் தண்ணீர் கொண்டுபோவார். இந்தச் சித்திரையில் லாரி கரும்புகை கக்கியது. முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. பிறகு ஏறவே மறுத்தது.

"இன்ஜெக்டர்னா என்ன?" என்றார் அம்மா.

"டீசலை இன்ஜினுக்குள்ள பீச்சறதுங்க. சிலிண்டருக்கு ஒண்ணுன்னு ஆறு இருக்குது. பனி மாதிரி தூவோணும். நம்மளுது மூக்கு ஒழுகற மாதிரி ஒழுகுதுங்க."

"மாத்திடுங்க."

"அதைத்தானுங்க கேக்கறேன். எதை வாங்கி மாத்தறது?"

அம்மா ஒரு காம்பைக் கிள்ளிப் போட்டார்.

"எனக்குக் கீரையில புழு இருந்தாத் தெரியும்" என்றார்.

மறுநாள் ஏகாம்பரம் நாமக்கல் போய் மூன்று மாதிரிகளோடு திரும்பினார். பழைய செய்தித்தாளை விரித்து அம்மா முன்னால் வரிசையாக வைத்தார்.

"இது கம்பெனிச் சாமான். இந்த மாடலுக்கு இப்ப செய்யறதில்லைங்க. கடையில ரொம்ப நாளாத் தூங்கிட்டிருந்தது. இது டெல்லிச் சாமான். கம்பெனியைப் பார்த்து வேற ஆளு செஞ்சது. பளபளன்னு இருக்குது, எத்தனை நாளைக்குன்னு தெரியாது. இது நம்ம பழைய இன்ஜெக்டருங்க. இதோட உடம்பை வச்சுக்கிட்டு, முனையை மட்டும் புதுசா மாத்தலாம்."

அம்மா கம்பெனிச் சாமானைக் கையில் எடுத்தார். புரட்டிப் பார்த்தார்.

"கனமா இருக்கு."

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப இதுதானுங்களா?"

"கனமா இருக்குன்னு சொன்னேன்."

வைத்துவிட்டார்.

"மெக்கானிக் என்ன சொல்றார்?"

"கம்பெனிதான்னு ரஷீத் பாய் சொல்றாருங்க."

"கடைக்காரர்?"

"டெல்லியை வாங்குங்கறாரு. அதுதான் நெறைய விக்குதாம்."

"லாரி கொடுத்தவர்?"

"அம்மா எதைச் சொல்றாங்களோ அதை வாங்கச் சொல்லிட்டாருங்க. செலவை அவரே பாத்துக்கறாராம்."

"நீங்க?"

"நான் டிரைவருங்க" என்றார் ஏகாம்பரம்.

அம்மா எழுந்து கை கழுவப் போனார். அன்றைக்கு அவ்வளவுதான்.

லாரித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. சாமானை முதலாளி வாங்குவார். மெக்கானிக் மாட்டுவார். டிரைவர் ஓட்டுவார். வண்டி பாதி வழியில் நின்றால் மூன்று பேரும் மற்ற இரண்டு பேரைக் கை காட்டலாம். யாருக்கும் தூக்கம் கெடாது. ஏகாம்பரம் வீட்டை விட்டார், வெற்றிலையை விட்டார், கறியை விட்டார். இதை விடவில்லை. விட வேண்டிய சாமான்களில் இதுவும் உண்டு என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

புளியங்காட்டுக் குப்பாயி ஆசிரமத்துக் குழாயில் குடம் நிறைக்க வந்திருந்தாள். ஒன்று தலைக்கு, ஒன்று இடுப்புக்கு. கூடவே நான்கைந்து பெண்கள். நிறைத்துக்கொண்டு மலை ஏற வேண்டும்.

"டிரைவர் சாமி, வண்டி என்னாச்சு?"

"சாமான் மாத்தணும்."

"கடை இல்லியா?"

"கடை இருக்குது."

"காசு இல்லியா?"

"அதுக்கும் ஆள் இருக்குது."

"பின்ன என்னதான் இல்ல?"

ஏகாம்பரம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். திரும்ப மூடினார்.

"எங்க மாமியா செத்தப்பகூட நாங்க இம்புட்டு யோசிக்கல" என்றாள் குப்பாயி. "தூக்கிட்டுப் போயிப் பொதச்சிட்டு வந்து கஞ்சி குடிச்சோம்."

பெண்கள் சிரித்தார்கள். சிரித்ததில் ஒரு குடத்துத் தண்ணீர் தளும்பிக் கீழே போயிற்று. அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் அம்மாவிடம் வந்தார்.

"அம்மன் கோயில்ல பூ போட்டுக் கேட்டுட்டு வரட்டுங்களா?"

"கேளுங்களேன்."

மறுநாள் காலையில் கோயிலுக்குப் போனார். வெள்ளைப் பூவுக்கு டெல்லி. சிவப்புக்குக் கம்பெனி. மஞ்சளுக்குப் பழைய உடம்பும் புது முனையும். இலையில் மடித்து அம்மன் காலடியில் போட்டு, பூசாரி ஒன்றை எடுக்க வேண்டும்.

நெற்றி நிறையக் குங்குமத்தோடு திரும்பி வந்தார்.

"உத்தரவு கெடச்சுருச்சுங்கம்மா. மஞ்சள் பூ. பழைய உடம்பு, புது முனை."

"எத்தனை தடவை கேட்டீங்க?"

ஏகாம்பரம் தோள் துண்டைச் சரிசெய்தார்.

"மூணு தடவைங்க."

"முதல் தடவை?"

"வெள்ளை வந்துச்சுங்க. பூசாரி இலையைச் சரியா மடிக்கல."

"ரெண்டாவது?"

"சிவப்பு. அப்பப் பாத்துக் காத்தடிச்சுதுங்க."

தவமணி அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவும் இல்லை.

"பாவம் அம்மன்" என்றார்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை. "ஏனுங்க மஞ்சள் சரிதானே? அந்த உடம்பு இந்த இன்ஜினோட பொறந்ததுங்க. முனையை மட்டும் மாத்தி, ஆறுக்கும் ஒரே அழுத்தம் வச்சா உக்காந்துக்கும். கம்பெனிச் சாமான் உள்ளே எண்ணெய் இறுகிப் போயிருக்கும். டெல்லி, மலைக்குத் தாங்காது."

"இது அம்மன் சொன்னதா?"

ஏகாம்பரம் நெற்றிக் குங்குமத்தைத் துண்டால் ஒற்றினார்.

"அம்மா உத்தரவுன்னு வச்சுக்கட்டுங்களா?" என்றார்.

"வேண்டாம்."

"அம்மன் உத்தரவுன்னு?"

"அவங்கதான் ரெண்டு தடவை வேற சொன்னாங்களே."

"அப்ப யாரு உத்தரவுங்க?"

"நாமக்கல் பஸ் பதினொரு மணிக்கு" என்றார் அம்மா. "சாப்பிட உக்காந்தா விட்டுடுவீங்க."

ஏகாம்பரம் ஆறு பழைய இன்ஜெக்டரையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தார்.

ரஷீத் பாய் பட்டறையில் பழைய உடம்புகளும் புது முனைகளும் மேஜைமேல் இருந்தன. ரஷீத் பாய் அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கைப்பம்பில் மாட்டி அழுத்திப் பார்த்தார். ஆறும் பனியாகத் தூவின.

"கம்பெனி வாங்கச் சொன்னேனே. இதை யாரு முடிவு பண்ணுனது?" என்றார்.

"ஆசிரமத்துல சொல்லிட்டாங்க பாய்."

ஆசிரமத்தில் யார் என்று ரஷீத் பாய் கேட்கவில்லை. முதலாளி யாராயிருந்தால் அவருக்கென்ன. பட்டறை ஆளை அனுப்பி மாட்டிக் கொடுத்தார்.

சாவியைத் திருப்பியதும் லாரி கிளம்பியது. புகை இல்லை.

தொட்டியை நிறைத்தார்கள். ஏகாம்பரம் முன்சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு தவமணி அம்மா ஏறினார்.

"அம்மா எதுக்குங்க? தூக்கிப் போடுமுங்க."

"மலையைப் பார்த்து நாளாச்சு."

முதல் வளைவு. லாரி முனகாமல் ஏறியது. ஏகாம்பரம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். வெறும் புழுதி.

"பாத்தீங்களா? அம்மா எடுத்த முடிவு வீண் போகலைங்க."

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது வளைவு. மூன்றாவது.

நான்காவது வளைவுக்குக் கீழே சத்தம் மாறியது. சீராக ஓடியது நொண்டத் தொடங்கியது. கேபின் உதறியது. ஏகாம்பரம் கியரைக் குறைத்தார். இன்னும் குறைத்தார். லாரி நின்றது.

ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். இன்ஜினை ஓடவிட்டு, ஸ்பேனரால் ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் டீசல் வரும் குழாயைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தார். வேலை செய்கிற இன்ஜெக்டராக இருந்தால், தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் மாறும். மூன்றுக்கு மாறியது. நான்காவதைத் தளர்த்தினார். ஒரு மாற்றமும் இல்லை. ஐந்து, ஆறு சரியாக இருந்தன.

நான்காவதில் புது முனையின் ஊசி உள்ளே சிக்கிக்கொண்டு டீசல் தூவவில்லை.

மேலே லாரிச் சத்தம் கேட்டிருந்தது. நின்றதும் கேட்டிருந்தது. புளியங்காட்டு ஆட்கள் குடங்களோடு இறங்கி வந்தார்கள். முதலில் வந்தவள் குப்பாயி.

"என்ன சாமி, நின்னுருச்சா?"

"ஒண்ணு வேலை செய்யல. அஞ்சுதான் ஓடுது."

"புதுச் சாமான் போட்டாச்சுன்னாங்க?"

"புதுசுதான்."

"எந்தப் புண்ணியவான் வாங்கினது?"

ஏகாம்பரம் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார்.

முனையை விற்றது கடைக்காரர். சோதித்தது ரஷீத் பாய். மாட்டியது பட்டறை ஆள். பூ எடுத்தது பூசாரி.

குப்பாயியின் பார்வை கேபினுக்குப் போனது.

"அம்மா, நீங்களா வாங்கினீங்க?"

"நான்னா என்ன பண்ணுவே?" என்றார் தவமணி அம்மா.

"அம்மாவை என்ன சொல்ல? கும்புட்டுட்டுப் போயிருவேன்."

குப்பாயி கையைக் குவிக்கப் போனாள்.

"நான் வாங்கினது" என்றார் ஏகாம்பரம்.

"யாரு?"

"நான். ரஷீத் பாய் வேண்டாம்னு சொன்னாரு. நான்தான் இதை எடுத்தேன்."

குப்பாயி ஆரம்பித்தாள். குடத்தைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டித் திட்டினாள். அவர் லாரியை, அவர் ஸ்பேனரை, அவர் கட்டியிருந்த வெள்ளை வேட்டியை, அவரை ஓட்டவிட்ட ஊரை, ஒன்றையும் விடவில்லை. தினமும் ஏறி இறங்கி முழங்கால் தேய்ந்ததைச் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி மூட்டு வீங்கிப் படுத்திருப்பதைச் சொன்னாள். கூட வந்தவர்களும் விட்ட இடங்களை நிரப்பினார்கள்.

ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தார். குறுக்கே பேசவில்லை.

திட்டு முடிந்தது.

அவர் சரிவைப் பார்த்தார். மேலே இன்னும் இரண்டு வளைவு. பின்னால் போய்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு குனிந்து தொட்டிக் குழாயில் கை வைத்தார்.

"குடத்தைக் கொண்டாங்க. பாதியை இங்கேயே எறக்கிட்டா அஞ்சுலயே ஏறிரும்."

"அது மேல் தொட்டிக்கு வர்ற தண்ணி" என்றாள் குப்பாயி. "யாரைக் கேட்டு இங்க எறக்கறே?"

கேபின் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அம்மா உட்கார்ந்திருந்தார்.

ஏகாம்பரம் அந்தப் பக்கம் திரும்பாமல் குழாயைத் திறந்தார்.