ஆறு மணிக்கு வரும் ‘முடிஞ்சிட்டு’

பாளையங்கோட்டையில் எங்கள் ரத்த வங்கியின் கம்ப்யூட்டர் அறையில் குரு ஜெசிந்தா, வயது நாற்பது. சீடர் சுடலைமுத்து அண்ணாச்சி; வயது ஐம்பத்து மூன்று. பதிவேட்டுப் பிரிவிலிருந்து வந்தவர். டெர்மினலில் கட்டளை எழுதப் படித்த நாளிலிருந்து மனுஷனுக்குக் கை சும்மா இருக்காது. கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்தால் மெஷின் தானே செய்துகொள்ளும்; அதற்குப் பெயர் ஸ்கிரிப்ட். கோப்புகளுக்குப் பெயர் மாற்ற ஒரு ஸ்கிரிப்ட், அறிக்கை அனுப்ப ஒரு ஸ்கிரிப்ட். விட்டால் எனக்கும் ஒன்று எழுதியிருப்பார்.

ஒருநாள் ஜெசிந்தாவின் பழைய ஸ்கிரிப்ட் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

“மேடம், இது தினமும் காலையில ரத்தம் கொடுக்கிறவங்க பட்டியலை இன்னொரு மெஷின்ல நகல் எடுக்குது. சரி. எடுத்து முடிச்சதும் ஆவுடையப்பன் சாருக்கு எதுக்கு மெயில்? அவர் ரிட்டையர் ஆகி ஆறு வருஷம் ஆச்சுல்லா!”

ஜெசிந்தா சிரித்தார்.

“அப்பல்லாம் டேப்புலதான் நகல். சார் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்திருப்பார். முடிஞ்சதும் வாசல்ல வந்து நின்னு ‘முடிஞ்சிட்டு’ம்பார். அதுக்கப்புறம்தான் எங்களுக்கு டீ. அவர் ரிட்டையர் ஆகிப் போன அன்னிக்கு இந்த ரூம்ல இருக்கவே முடியல. மறுநாள் அந்த வரியை எழுதினேன்.”

மெயிலில் இருந்ததும் அந்த ஒரே சொல்தான். அந்த டீயை நானும் குடித்தவன்.

அண்ணாச்சி அதைக் குடித்ததில்லை. “நல்லா நடந்தா எதுக்குச் சொல்லணும்? தப்பு நடந்தா மட்டும் சொன்னா போதாதா?”

அதற்குள் ஜெசிந்தாவை யாரோ கூப்பிட்டார்கள். பதில் வராததைச் சம்மதம் என்று அண்ணாச்சி எடுத்துக்கொண்டார். மெயில் வரியை நீக்கினார். நகல் தவறினால் எங்களுக்குச் சொல் என்று வேறு வரி எழுதினார். ஸ்கிரிப்டைப் புது ஃபோல்டருக்கு மாற்றி அழகாக அடுக்கியும் வைத்தார்.

இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. “பாத்தியா, ஒரு தப்பும் கிடையாது” என்று என்னிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலை போன் அடித்தது. ஆவுடையப்பன் சார்.

“ஏ ஜெசி, மூணு நாளா ‘முடிஞ்சிட்டு’ வரலையே. எனக்கு டீ குடிக்கவே மனசு வரல.”

ஜெசிந்தா திரையைப் பார்த்தார். மூன்று நாளாக நகலே எடுக்கவில்லை. ஆறு மணிக்கு மெஷின் ஸ்கிரிப்டைப் பழைய ஃபோல்டரில் தேடியிருக்கிறது, அங்கே இல்லை. தவறினால் சொல்ல வேண்டிய வரியும் அந்த ஸ்கிரிப்டுக்குள்தான் இருந்தது. ஓடாத ஸ்கிரிப்ட் எதைச் சொல்லும்?

அந்த நாட்களில்தான் கல்லூரி முகாமில் நானூறு பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். அதில் ஒரு பெண்ணுக்கு பாம்பே குரூப் ரத்தம். ஜில்லாவிலேயே எங்களுக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான்.

கையோடு நகல் எடுத்தார்கள். பத்து மணிக்கு முடிந்தது. மத்தியானம் மூலப் பட்டியல் இருந்த பழைய ஹார்ட் டிஸ்க் செத்துப்போனது. ஒரு பெயர்கூடப் போகவில்லை.

அண்ணாச்சிக்கு முகமே வெளுத்துவிட்டது.

“மேடம், மெயில் வரியைத் திரும்பப் போட்டுடுறேன். அதோட இன்னொரு ஸ்கிரிப்டும் எழுதிடுறேன். மெயில் போச்சான்னு தினமும் அதுவே பாத்துக்கும்.”

“எழுதுங்க அண்ணாச்சி” என்றார் ஜெசிந்தா. “அது ஓடலைன்னா யாருக்கு டீ இறங்காது?”