வாசற்படி வைத்த பூங்கா

மலையடிவாரக் குளக்கரையில் ஒரு முள்ளம்பன்றி பூங்கா ஒன்றை வைத்திருந்தது. செம்பருத்தி, செண்பகம், நந்தியாவட்டை, நடுவில் பெரிய நாவல் மரம். மண்ணைக் கிளறியதும் அதுதான், தண்ணீர் பாய்ச்சியதும் அதுதான். காட்டில் உள்ள எல்லோரும் வந்து பார்க்கட்டும் என்றுதான் இவ்வளவு பாடு. ஆனால் யாரும் வரவில்லை.

முள்ளம்பன்றியின் பக்கத்தில் யாரும் ஒட்டி உட்காருவதில்லை. முள் குத்திவிடும் என்ற பயம். அதைக் குற்றம் சொல்லவும் முடியாது. பூவைப் பார்க்கவாவது நாலு பேர் வருவார்கள், அந்தச் சாக்கில் நம்மோடும் இரண்டு வார்த்தை பேசுவார்கள் என்று பாவம், அது ஏங்கிக் கிடந்தது.

உண்மையில் ஒரு ஜீவன் தினமும் வந்துகொண்டுதான் இருந்தது. வயதான நட்சத்திர ஆமை. மெல்ல ஊர்ந்து வந்து, நாவல் மரத்தடியில் உதிர்ந்த பழத்தைத் தின்னும். "என்ன தம்பி, சாப்பிட்டியா?" என்று கேட்கும். முள்ளம்பன்றி "ம்" என்று சொல்லும். கண் மட்டும் வழி மேலேயே இருக்கும். பூ பார்க்க வருகிறவர்தான் விருந்தாளி, பழம் பொறுக்க வருகிறவர் கணக்கில் சேர்த்தி இல்லை என்பது அதன் நினைப்பு. நினைப்பைப் பாருங்கள்!

அந்தக் காட்டில் யோசனை சொல்வதற்கென்றே ஒரு குரங்கு இருந்தது. கேட்காவிட்டாலும் சொல்லும். கேட்டால் விடுமா?

"குரங்கண்ணே! என் பூங்காவுக்கு ஒருத்தரும் வர மாட்டேங்கிறாங்களே!"

"திட்டம் போட்டாத்தானே வருவாங்க!" என்றது குரங்கு, கிளையில் தொங்கிக்கொண்டே. "இப்படித் திறந்து கிடந்தா யார் மதிப்பா? சுத்தி முள்வேலி போடு. ஒரே ஒரு வாசல் வை. வாசல்ல உயரமா ஒரு கல் படி! விழுந்த பழத்தையெல்லாம் கூட்டித் தள்ளு. அப்புறம் ஒரு விழா! மயில் ஆடட்டும்! காடெல்லாம் நான் போய்ச் சொல்றேன்!"

"யாருக்கு என்ன வேணும்னு கேட்டுப் பார்க்க வேண்டாமா அண்ணே?"

"கேக்கறதா? அவங்களுக்கு என்னப்பா தெரியும்! நாம வச்சா வந்து பார்ப்பாங்க!"

மரத்துக்கு மரம் தாவுகிற குரங்குக்குப் படியின் உயரம் எங்கே தெரியப் போகிறது? முள்ளம்பன்றி சுற்றிலும் முள்வேலி போட்டது, விழுந்த பழத்தையெல்லாம் கூட்டித் தள்ளியது. ஒரு பெரிய கல்லை முட்டி மோதி உருட்டி வந்து வாசலில் போட்டது.

விழாவுக்குக் கூட்டமான கூட்டம்! யானைகள் வந்தன, மான்கள் வந்தன. மயில் தோகை விரித்து ஆடியது. முள்ளம்பன்றிக்குத் தலைகால் புரியவில்லை. "வாங்க, வாங்க! இந்தச் செண்பகத்தைப் பாருங்க! நானே வச்சது!" என்று அங்கும் இங்கும் ஓடியது. யாரும் காதில் வாங்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் கூட்டம் கலைந்துவிட்டது. மிதிபட்ட பாத்திகளும் மொட்டையான செம்பருத்தியும்தான் மிச்சம்.

"பார்த்தியா, எவ்வளவு கூட்டம்!" என்று சொல்லிவிட்டுக் குரங்கு வேறு யாருக்கோ யோசனை சொல்லப் போய்விட்டது.

மறுநாள் ஒருவரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். பழத்தைக் கூட்டித் தள்ளிய நாவல் மரத்தடி மட்டும் துடைத்துவிட்டது போல் சுத்தமாக இருந்தது. முள்ளம்பன்றிக்கு அந்தச் சுத்தம் பிடிக்கவில்லை. என்னவோ குறைந்தது. சாப்பிட்டாயா என்று கேட்க ஆளில்லை என்பது மெல்லத்தான் உறைத்தது.

அது வாசலுக்கு ஓடியது. படிக்கல்லுக்குக் கீழே ஈரமண்ணில் ஆமையின் நகக்கீறல்கள். ஏறப் பார்த்து, சறுக்கி, மறுபடி ஏறப் பார்த்த கீறல்கள். அங்கிருந்து தடம் வேலியைச் சுற்றிக்கொண்டு போனது. எங்கும் நுழைய வழியில்லாமல், கடைசியில் மலைக்கு அந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

தடத்தைப் பிடித்துக்கொண்டே போய், ஓர் இலந்தைப் புதரடியில் ஆமையைக் கண்டுபிடித்தது முள்ளம்பன்றி.

"அக்கா! ஏன் வரவே இல்ல?"

"வந்தேனே தம்பி! படி ஏற முடியல. விழா அன்னைக்கும் வெளியதான் நின்னேன். உன்னைக் கூப்பிட்டேன். அந்தச் சத்தத்துல உனக்குக் கேக்கல."

"அந்தக் கல்லை இன்னைக்கே புரட்டித் தள்ளிடறேன்! வாங்க, போகலாம்!"

"இங்க வந்து சேர்றதுக்குள்ளயே உசிரு போயிடுச்சுப்பா. இனி அவ்வளவு தூரம் நடக்க எனக்குத் தெம்பு இல்ல."

முள்ளம்பன்றி தலையைத் தொங்கப் போட்டது. "இங்கயும் நாவல் பழம் கிடைக்குதா அக்கா?"

"பழம் எங்கதான் கிடைக்காது?" என்றது ஆமை. "பழத்துக்காகவா அவ்வளவு தூரம் வந்தேன்? நீ தனியா இருக்கியேன்னுதானே வந்தேன்!"

முள்ளம்பன்றி அழுதுகொண்டே தனியாகத் திரும்பியது. வந்ததும் கல்லைப் புரட்டித் தள்ளியது. வேலியைப் பிடுங்கி எறிந்தது. ஆனாலும் ஆமை வரப்போவதில்லை என்று அதற்குத் தெரியும்.

சில நாள் கழித்து, குஞ்சுகளோடு ஒரு கௌதாரி தயங்கித் தயங்கி எட்டிப் பார்த்தது. முள்ளம்பன்றி செண்பகத்தைக் காட்டவில்லை. தன் முட்களை ஒடுக்கிக்கொண்டு, "உனக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டது.

"குஞ்சுங்க புரள்றதுக்குக் கொஞ்சம் புழுதி இருந்தாப் போதும்" என்றது கௌதாரி.

முள்ளம்பன்றி உடனே ஒரு பாத்தியைக் கிளறிப் புழுதியாக்கிக் கொடுத்தது.

வராத கூட்டத்துக்குத் திட்டம் போடுமுன், வந்துகொண்டிருப்பவரை முகம் பார்த்து ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.