பிலோமினா வாங்கிய பில்

இழுக்காமல் சொல்கிறேன். தூத்துக்குடியில் மீன் விற்கும் பிலோமினாவுக்கு கேஸ் இணைப்பு வேண்டும். முகவரிச் சான்றுக்கு அவளுக்குப் போன் பில்லை விட்டால் வேறில்லை. விண்ணப்பிக்க அன்றைக்குத்தான் கடைசி நாள்.

அவள் நேரில் போய் பில் கேட்டதும், போன் கம்பெனி மேனேஜர் டையை இழுத்துவிட்டார். "பேப்பர் பில் தரமாட்டோம். மரத்தைக் காப்பாத்தணும்லா? ஆன்லைனுக்கு மாறு."

"பட்டன் போன்ல எப்படி சார் பாக்க?"

"அது உன் பாடு."

பிலோமினா நகரவில்லை. "சரி, மாறுதேன். ஃபாரம் குடுங்க."

வாங்கி வரிவரியாகப் படித்தாள். "சார், 'இம்மாத அச்சிட்ட பில்லை இணைக்கவும்'னு போட்டிருக்கே?"

மேனேஜருக்கு விதி என்றால் விதிதான். உடனே அச்சடித்து, சீல் குத்திக் கொடுத்தார்.

பில்லை மடித்து இடுப்பில் செருகிய பிலோமினா, எழுதாத ஃபாரத்தைத் திருப்பி நீட்டினாள்.

"இது வேண்டாம் சார். மரத்தைக் காப்பாத்துங்க."